மாமாவின் கம்ப்யூட்டரும் மோட்டார் ஸ்விட்ச்சும்

என் மாமனார் சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துத் தரும் கடை வைத்திருக்கிறார். ஒரு மேசை, ஒரு பிரிண்டர், சுவர் முழுக்க மாதிரிப் பத்திரிகைகள், அவ்வளவுதான் கடை. அவர் விரல்களுக்குப் பழகியது ஒரே ஒரு பழைய தமிழ் மென்பொருள். அது பழைய விண்டோஸில்தான் ஓடும். புதியதற்கு மாறச் சொன்னால், "நீங்க மொதல்ல எடது கையால சாப்ட்டுப் பழகுங்க மாப்ள, அப்புறம் நான் பழகுறேன்" என்பார்.

அவருடைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தபோது, அது மொத்தமாக நிற்பதற்குள் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துக் கடலூருக்குக் கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் ரௌட்டருக்குப் பக்கத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி இருக்கிறது. குடும்பப் போட்டோக்கள், வீடியோக்கள் எல்லாம் அதில்தான். அதற்குள் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை உருவாக்கலாம். தனியாக உடம்பு இல்லாத கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் நகலை அதில் ஏற்றி, சிதம்பரத்திலிருந்தே அவர் அதைத் திறக்கும்படி செய்து கொடுத்தேன். புது லேப்டாப்பில் தன்னுடைய பழைய திரை, அதே ரோஜாப்பூ படத்தோடு, வந்து நின்றதைப் பார்த்தவர், "செத்துப்போனது எப்டி மாப்ள எழுந்து வந்துச்சி?" என்றார்.

நான் அன்றைக்கு நடந்த நடை இருக்கிறதே, கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் நடக்கிற நடை இல்லை அது.

முகூர்த்த சீசன் தொடங்கியதும் போன் வந்தது. "மாப்ள, வருது, போவுது. பொண்ணு பேர அடிக்கிறதுக்குள்ள போயிடுது."

பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையைப் பெட்டி வழியாக நேராகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சும்மா இருக்க முடியுமா? அணைத்துப் போட்டேன். அதற்கு இன்னும் கொஞ்சம் மெமரி கொடுத்தேன். கேபிளை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அடுத்த நாள் மாமாவிடமிருந்து அதே போன்.

இதற்கு நடுவில் என் மனைவிக்கு வேறு பிரச்சினை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, வைஃபையில் வேலை செய்யும் மோட்டார் ஸ்விட்ச் ஒன்றைப் புதிதாக மாட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தபடியே மோட்டார் போடலாம் என்பது அவள் திட்டம். ஒருநாள் போட்ட மோட்டார் நிற்க மறுத்துவிட்டது. தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த மிளகாயெல்லாம் குளித்துவிட்டது.

"ஏங்க, போன்ல தொட்டா ஆஃப்லைன்னு வருது. என்னான்னு பாருங்க."

"மோட்டார் கடைக்காரர்கிட்ட கேளு. நான் உங்கப்பா பிரச்சினையில இருக்கேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து மோட்டாரின் மெயின் ஸ்விட்ச்சை இறக்கியே வைத்தாள். தண்ணீர் வேண்டும்போது மட்டும் ஏற்றுவாள்.

என் பக்கம் எல்லாம் சரி, கோளாறு சிதம்பரத்தில்தான் என்று முடிவு கட்டி, சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். கடையில் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அப்பா, துண்டை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் போன நேரம், மெஷின் சமர்த்தாக ஓடியது. மாமா மடமடவென்று அடித்தார். பாதிப் பத்திரிகை வந்துவிட்டது.

"உங்கள பாத்து பயந்துடுச்சி போல மாப்ள" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, திரை உறைந்தது. அதே நேரம் என் போன் அடித்தது. மனைவி.

"இப்ப அப்பாவுக்கு கட்டாயிடுச்சா?"

"உனக்கு எப்டித் தெரியும்?"

"இப்பதான் மோட்டார் மெயின ஏத்துனேன். இருங்க, எறக்குறேன்."

கொஞ்ச நேரத்தில் மாமா, "வந்துடுச்சி, வந்துடுச்சி!" என்று கத்தினார்.

"மறுபடி ஏத்துறேன்" என்றாள் அவள்.

"போச்சே!" என்றார் மாமா.

"பாத்தீங்களா? அப்பா வேல பாத்தா எனக்கு மோட்டார் வராது. நான் மோட்டார் போட்டா அப்பாவுக்கு கம்ப்யூட்டர் வராது. ஒரு வாரமா பாக்குறேன். இத ஏங்க நீங்க பாக்கல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் உண்டு. மாமாவின் மெஷினுக்குள் ஓர் எண்ணை நானே போட்டு வைத்தேன், ஆனால் ரௌட்டரிடம் அதை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை. அது காலியாக இருப்பதாக நினைத்து, ரௌட்டர் அதையே மோட்டார் ஸ்விட்ச்சுக்குக் கொடுத்துவிட்டது. பழைய விண்டோஸ் பாவம், இதைச் சொல்லிப் பார்த்துத்தான் இருக்கிறது. அந்த எச்சரிக்கை வருகிற கீழ்ப் பட்டையை, பக்கம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மாமா மறைத்து வைத்திருந்தார்.

மாமாவிடம் விளக்கினேன். "ரெண்டு வூட்டுக்கு ஒரே டோர் நம்பரு போட்டுட்டீங்க" என்றார்.

"ஆமாம் மாமா."

"அப்போ இத்தினி நாளா நான் மோட்டார் கதவத் தட்டிக்கினு இருந்தனா?"

சேத்தியாத்தோப்புக்காரர் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் என் போன் வழியாகவே பெட்டிக்குள் போய் மெஷினுக்கு வேறு எண் கொடுத்து, இந்த முறை ரௌட்டரிலும் ஒதுக்கி வைத்தேன். மாமாவின் லேப்டாப்பிலும் மாற்றினேன். மனைவி மோட்டாரைப் போட்டாள், நிறுத்தினாள், மறுபடி போட்டாள். திரை அசையவில்லை.

"ஸ்டாஃப் ரூம்லேர்ந்தும் வருமா?"

"வரும்."

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

மாமா மீதியையும் அடித்து, ஒரு தாள் எடுத்து நீட்டினார். சேத்தியாத்தோப்புக்காரர் கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் கடைசி வரியில் நின்றது.

"எல்லாம் சரிங்க. எங்க சின்ன தம்பி பேரு எங்க? அவன் பேரு இல்லன்னா கல்யாணத்துக்கே வரமாட்டான்."

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மோட்டார் மேல பழி போட முடியாது மாப்ள" என்று முணுமுணுத்துக்கொண்டே, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.