லெந்து காலத்துக் காப்பி

பொல்லாதவர்களின் பற்களை உடைத்துப்போடும்படி ஆண்டவரிடம் கேட்கிற சங்கீதம் ஒன்று உண்டு. மற்ற பிள்ளைகள் மேய்ப்பனையும் புல்வெளியையும் ஒப்பித்துக்கொண்டிருந்த வயதில் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது அதைத்தான். ஓய்வுநாள் பள்ளியில் ஒருமுறை அதைச் சொல்லத் தொடங்கினேன். டீச்சர் பாதியிலேயே நிறுத்தி, "போதும், உக்காரு" என்றார். நான் யாருடைய பற்களை மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் சபைச் செயலாளருடைய பற்கள் அவை. வரிசை தப்பாத, வெள்ளை வெளேரென்ற பற்கள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராகவும் இருந்ததால் கோயிலிலும் அவரை ஹெட்மாஸ்டர் சார் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சிரித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, கணீரென்ற குரல். அவர் ஆமென் சொன்னால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

கடைசி வரிசை எங்களுடையது. வரிசை என்று சொல்வதே அதிகம். பெஞ்சுகள் முடிந்த பிறகு விரித்திருந்த பாய். இரும்புலியூர் ஏரிப் பக்கத்துச் சேரியிலிருந்து வருகிற குடும்பங்கள் எல்லாம் அந்தப் பாயில்தான் உட்கார்ந்தோம். அங்கே உட்காரச் சொல்லி யாரும் எங்களிடம் சொன்னதில்லை. பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லியும் யாரும் கூப்பிட்டதில்லை. திருவிருந்தில் எல்லோரும் ஒரு வாய் குடிக்கிற திராட்சரசப் பாத்திரம் எங்களிடம் வரும்போது முன் வரிசைக்காரர்கள் வாய் துடைத்துக்கொண்டு இடத்துக்குப் போயிருப்பார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்து வந்தால் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள், வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேதவாசிப்பு, சின்னப் பிரசங்கம், பிறகு காப்பி. காப்பி குடித்தானதும் சபைச் செயலாளர் அந்த வீட்டாருக்காக ஒரு ஜெபம் செய்வார். அதன் பிறகுதான் எல்லோரும் எழுந்திருப்பார்கள். அது எங்கள் சபை வழக்கம். இத்தனை வருஷத்தில் கூட்டம் மேற்குத் தாம்பரத்துத் தெருக்களைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. சபை தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தன் கையால் ஒரு வாய் காப்பி குடிக்க வேண்டும். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. அறுபதுகளின் நடுவில் ஒரு லெந்துக்கு முன்னால், கோயில் வாசலில் போதகரை நிறுத்தி, தானே வாய் திறந்து கேட்டுவிட்டாள். அப்போது இருந்த போதகர் வயதானவர், சாது. வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். அவர் யாரையோ கெஞ்சி இரண்டு பெஞ்சுகள் கொண்டுவந்து போட்டார். அம்மா வீட்டை மெழுகினாள். தாம்பரம் மார்க்கெட்டில் வரிசையில் நின்று காப்பிக்கொட்டை அரைத்து வாங்கினாள். அக்கம்பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் இரவல் வாங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பாலுக்குக் குறையில்லை. எங்களிடம் ஓர் எருமை இருந்தது. அதன் பாலை ஒரு பால்காரர் மொத்தமாக எடுத்துப்போவார். அன்று மாலைப் பாலை அம்மா அவருக்குக் கொடுக்கவில்லை.

வந்தார்கள். பாடினார்கள். ஹெட்மாஸ்டர் சார் அன்பைப் பற்றிப் பேசினார், நன்றாகத்தான் பேசினார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் போனாள். அவர் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார்.

"வேணாம்மா. லெந்து டைம் இல்லையா, காப்பியெல்லாம் விட்டாச்சு. ஆண்டவருக்காக இதுகூட செய்யலன்னா எப்படி? தப்பா எடுத்துக்காத."

பக்கத்தில் இருந்த போதகரின் கை தட்டை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தது. ஹெட்மாஸ்டர் சார் சொன்னதைக் கேட்டதும் அந்தக் கை திரும்பிப் போய் மடியில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒருவர் விடாமல் எல்லோருக்கும் லெந்து வந்துவிட்டது. அம்மா தட்டோடு அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். ஹெட்மாஸ்டர் சார் கண்ணை மூடி, எங்கள் அடுக்களையில் ஒரு குறையும் வராதிருக்க உருக்கமாக ஜெபித்தார்.

அவர்கள் போனதும் அம்மா அப்பாவிடம், "இன்னா பக்தி பாத்தியா!" என்றாள். நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆறிப்போன காப்பியைத் தெருவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் கூட்டம் ஹெட்மாஸ்டர் சார் வீட்டில். அம்மா மற்ற சேரிப் பெண்களோடு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பாட்டுப் பாடுகிற பிள்ளைகளில் ஒருத்தி என்பதால் நான் கூடம்வரை போனேன். பாட்டு முடிவதற்குள்ளேயே உள்ளேயிருந்து காப்பி வாசனை வந்தது. ஹெட்மாஸ்டர் சார் முதல் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். சர்க்கரை போட்டு வந்ததும் ரசித்துக் குடித்தார். போதகரும் குடித்தார். நேற்று லெந்து வந்த அத்தனை பேரும் குடித்தார்கள்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் எலெக்ட்ரிக் வண்டிக்காக நின்றோம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்க அவுங்க குட்ச்சது யார் வூட்டுப் பாலுன்னு நென்ச்ச?" என்றாள் வண்டி போனதும். "பால்காரன் நம்ம எருமப் பாலத்தான் அந்த வூட்டுக்கு ஊத்தறான். அவுங்களுக்குத் தெரியாது. வாய மூடிகினு நட."

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எங்கள் பால் அவர்கள் தொண்டைக்குள் போகலாம், எங்கள் டம்ளர் அவர்கள் உதட்டில் படக்கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்தப் பிரசங்கமும் தேவைப்படவில்லை.

நான் வேதாகமத்தை ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தது அந்த வாரம்தான். பக்தியால் இல்லை, பழி வாங்க. எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பேன். வாசலில் கிடந்த ஏழைக்கு ஒரு பருக்கை போடாத பணக்காரன், செத்த பிறகு நாக்கு வறண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஹெட்மாஸ்டர் சார் அங்கே போனால் காப்பி கேட்பார், சர்க்கரை தூக்கலாகக் கேட்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஏழையின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு அவனைக் கொல்ல இடம் கொடுத்த ராஜாவின் ரத்தத்தை நாய்கள் நக்கின என்று வரும். அந்த நாய்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

படித்து முடித்து, டைப் பழகி, கிண்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினேன். எழுபதுகளில் எங்கள் சபைக்கு இளவயதுப் போதகர் ஒருவர் வந்தார். சனிக்கிழமை மாலைகளில் கோயிலுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் வேதவாசிப்பு வைத்தார். எல்லோரும் வட்டமாகத் தரையில்தான் உட்கார வேண்டும். அவர் பிரசங்கம் செய்ய மாட்டார். ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பார். இந்தக் கதையில் பந்தியில் இருப்பது யார்? சமைத்தது யார்? வெளியே நிற்பது யார்? நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? முன் பெஞ்சுக்காரர்களில் சிலர் இது வேதம் இல்லை, அரசியல் என்று முணுமுணுத்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டார்கள். எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. நான் இத்தனை வருஷம் திருட்டுத்தனமாக வாசித்த மாதிரியே ஒருவர் பகல் வெளிச்சத்தில் வாசிக்கிறார்!

ஆனால் எனக்கிருந்த கோபம் அவருக்கு இல்லை. ஒருநாள் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீதி வேற, பழி வேற, சிஸ்டர்" என்றார்.

"தெரியும் ஐயா. எனக்கு ரெண்டும் வேணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அந்த மரத்தடியில்தான் இயேசுவின் சீடரான ஓர் அப்போஸ்தலரின் கதை வந்தது. அப்போஸ்தலர்களிலேயே மூத்தவர். வேறு ஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தலைமையிடத்திலிருந்து நாலு பேர் வந்ததும் பயந்துகொண்டு பந்தியை விட்டு விலகிவிடுகிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகுகிறார்கள். பிறகு வந்த இன்னொரு அப்போஸ்தலர் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேராக அவரைக் கண்டிக்கிறார். வாசிக்கும்போதே பழைய போதகரின் கை எனக்கு ஞாபகம் வந்தது. பாதி தூரம் வந்து திரும்பிப் போன கை. முகத்துக்கு நேராக என்ற இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் நான் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். லெந்துக் கூட்டங்களை எந்த வீட்டில், எந்த நாளில் வைப்பது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. புதுப் போதகர் எல்லாத் தெருக்களுக்கும் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டதால், ஒரே சாயங்காலத்தில் இரண்டு வீடுகள் வைக்க வேண்டியிருந்தது. ஹெட்மாஸ்டர் சார் வீட்டையும் எங்கள் வீட்டையும் ஒரே நாளில் போட்டேன். முதலில் அவர் வீடு, பிறகு எங்கள் வீடு. அங்கே எல்லோர் முன்னாலும் காப்பி குடித்துவிட்டு இங்கே வந்து லெந்து என்று சொல்ல முடியாது. சொன்னால் முகத்துக்கு நேராகக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். எவ்வளவு தூரம் நடப்பது என்று அலுத்துக்கொண்டவர்களிடம், நடப்பது உடம்புக்கு நல்லது என்றேன்.

எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. அவர் தன் வீட்டில் போதகர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். ரயில் பாதை தாண்டி எல்லோரும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் அன்று வேதவாசிப்பு நான். அந்த அப்போஸ்தலரின் கதையை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். வாசித்துவிட்டு, "இப்பவும் சில பேர் சில வீட்டுப் பந்தியிலேருந்து எழுந்து போறாங்க. அவங்களும் ஆமென்தான் சொல்றாங்க" என்று சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது அவரை நேராகப் பார்த்தேன்.

ஹெட்மாஸ்டர் சாருக்கு முடி நரைத்துவிட்டிருந்தது. பற்கள் அப்படியேதான் இருந்தன. அவர் எல்லோரையும் விட உரக்க ஆமென் சொன்னார். "அருமையான வாசிப்பும்மா. இந்தக் காலத்துக்கு ரொம்பத் தேவையான பகுதி" என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதம் சபைத் தேர்தல், செயலாளர் பதவிக்கு மறுபடியும் அவர்தான் நின்றார். புதுப் போதகர் வந்தபிறகு எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. வாசலில் அத்தனை ஓட்டும் நின்றுகொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குடிக்காமல் நழுவ வரவில்லை. எல்லோரும் பார்க்கக் குடித்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். அதற்கு மேடை போட்டுக் கொடுத்தது நான். என் கோபத்தைக்கூட ஓட்டாக மாற்றிக்கொண்டு போகிறானே இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தட்டோடு வந்தாள். இப்போது டம்ளர்கள் எல்லாம் சொந்தம். அவர் முன்கூட்டியே கையை நீட்டினார். வாசலில் நிற்பவர்களுக்கும் தெரியும்படி நன்றாகவே நீட்டினார்.

அம்மா அவரைத் தாண்டிப் போய்ப் போதகரிடம் தட்டை நீட்டினாள். அடுத்தவருக்குக் கொடுத்தாள். அதற்கு அடுத்தவருக்குக் கொடுத்தாள். கடைசிவரை போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவர் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.

போதகர் பாவம், பழைய கதை தெரியாதவர். "அம்மா, சாரை விட்டுட்டீங்களே" என்றார்.

"சாரு லெந்துல காப்பி சாப்ட மாட்டாரு ஐயா. எனக்குத் தெரியாதா இன்னா?"

"இல்லம்மா, குடிப்பாங்களே. இப்போ அவங்க வீட்டுல எங்களோடதானே குடிச்சாங்க."

அம்மா ஹெட்மாஸ்டர் சாரைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் துளி கோபம் இல்லை.

"அப்டியா சார்? அன்னிக்கு இதே எடத்துல குந்திகினு, காப்பிய வுட்டாச்சுன்னு சொன்னீங்களே. நான் இன்னும் அதத்தான நம்பிகினு கீறேன். மறுபடி புட்ச்சது எனக்கு யாரும் சொல்லலியே."

அன்று கூட இருந்து குடிக்காமல் போனவர்களில் பாதிப் பேர் அந்தப் பெஞ்சுகளில்தான் இருந்தார்கள். அவர்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். வாசலில் யாரோ சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பற்கள் எல்லாம் தெரிந்தன, மூடிக்கொண்டார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேதாகமத்தின் மேல் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்து எனக்கு அன்றும் இரக்கம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

தட்டில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது. அவருடையது. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.

வீட்டாருக்காக ஜெபித்து முடிக்க வேண்டியவர் ஹெட்மாஸ்டர் சார்தான். கையில் டம்ளர் வைத்திருப்பவர் குடித்து முடிக்காமல் ஜெபிக்கிற வழக்கம் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் காத்துக்கொண்டிருந்தார். அம்மா அவசரப்படவில்லை.