குச்சி இறங்கும் வரை

அதற்கு ஒழுங்கான பெயர் கிடையாது. எந்தக் கசெட்டிலும் வந்ததில்லை. ஹட்டனிலிருந்து வரும் ஓர் இசைக்குழு மலையகத்தின் எந்தத் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனாலும் கடைசியாக அதைத்தான் வாசிப்பார்கள். நாங்கள் அதை இழுவை என்று சொல்வோம்.

கீபோர்ட், கிட்டார், ட்ரம்ஸ் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். ட்ரம்பெட் ஊதும் அண்ணன் மட்டும் லொறி மேடையிலிருந்து கீழே இறங்கி வருவார். அந்தந்தத் தோட்டத்துத் தப்பு மேளக்காரர்கள் கிரவுண்டில் வரிசையாக நிற்பார்கள். வரிசையின் முதல் ஆள் குச்சியைத் தூக்குவான். அண்ணன் ஒரே ஒரு சுரத்தை எடுத்து இழுப்பார். குச்சி மேலே இருக்கும்வரை அவர் விடக் கூடாது. குச்சி இறங்கித் தோலில் விழும்போது ட்ரம்பெட் நிற்கும், தப்பு எல்லாம் ஒன்றாக அதிரும், கிரவுண்டு முழுக்க ஆடும்.

முதல் தடவை கேட்டபோது நான் இளவட்டம். கூட்டத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளின் ஓரமாக நின்றிருந்தேன். முன்னால் போய் நிற்க வெட்கம். அந்தச் சத்தம் வந்தபோது என் மூச்சும் நின்றுவிட்டது. குச்சி இறங்கிய பிறகுதான் நான் வாயைத் திறந்து வைத்திருந்தது தெரிந்தது. அதிலிருந்து அவர்கள் எங்கே வாசித்தாலும் போய்விடுவேன். பொகவந்தலாவை, தலவாக்கலை, உடப்புசல்லாவை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இழுவையைக் கேட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பி வருவேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதுதான் வேலை. வேறு எதன்மீதும் அப்படி ஓர் ஆசை எனக்கு வந்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் முதல் தப்பு அடித்தவர் தோள்மூட்டு வலியால் ஒதுங்கிக்கொண்டபோது குச்சி என் கைக்கு வந்தது. தப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றால் யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

அப்படி அண்ணனுக்கு எதிரில் நின்றதால்தான் மற்றவர்கள் பார்க்காததை நான் பார்த்தேன். போன வருடத் திருவிழாவில் இழுவையின் நடுவில் சுரம் லேசாக நடுங்கியது. அண்ணனின் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. உதடு கறுத்திருந்தது. முடிந்ததும் லொறி டயர்ச் சில்லில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போட்டிருப்பார் என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான். அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை.

இந்த வருடத் திருவிழா அன்று காலையிலிருந்தே பனி இறங்கிக் கிடந்தது. ஒலிபெருக்கிக்கு இப்போதெல்லாம் இருட்டும் வரைதான் பொலிஸில் அனுமதி கொடுக்கிறார்கள். அதனால் இசைக்குழு மத்தியானமே வந்துவிட்டது. வேனிலிருந்து அண்ணனோடு அவருடைய மனைவியும் இறங்கினார். அதுவரை அவர் ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை.

நாங்கள் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா ஒரு கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நேராக எங்களிடம் வந்தார்.

"குச்சி புடிக்கிறது யாரு?"

மற்றவர்கள் என்னைக் காட்டினார்கள். அவர் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்.

"தம்பி, அவருக்கு இருதயம் வீங்கியிருக்கு. இனிமே மூச்ச அடக்கி ஊதவே கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க குச்சிய சீக்கிரமா எறக்கிருங்க."

"விட்டுறச் சொல்லக் கூடாதாங்க அக்கா?"

"இழுவ இல்லாம வந்தா சும்மா லொறியில ஏறி நிக்கிற மாதிரி இருக்குமாம். சொல்லிப் பார்த்துட்டேன். ஒங்க கையிலதான் இருக்கு தம்பி."

நான் தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது திருவிழாக் கமிட்டித் தலைவர் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மாமா முறை.

"மாப்ள, பொகவந்தலாவக்காரனுக பஸ்ஸுல என்ன பேசுறானுக தெரியுமா? அவனுக கிரவுண்டுலதான் அண்ணன் ரொம்ப நேரம் இழுத்தாராம். இன்னைக்கு அவனுக வாய அடைக்கணும். கை நோகுதுன்னு எறக்கிராத."

"நோகத்தானே செய்யும் மாமா."

"நொந்தா நோகட்டும். பொண்டாட்டிக்கிட்ட சொல்லி எண்ண தேச்சுக்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நெருப்பில் காய்ந்த தோல் விறைத்துக்கொண்டு டொக் டொக்கென்று சத்தம் போட்டது.

மற்றப் பாட்டுகள் போனதே தெரியவில்லை. பனி கிரவுண்டு ஓரம்வரை வந்துவிட்டது. மேலே லயத்து வீட்டு வாசல்களில் நின்றவர்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். வாத்தியங்கள் நின்றன. அண்ணன் லொறியிலிருந்து இறங்கி வந்தார். கடைசிப் படியில் கொஞ்சம் தடுமாறினார். கூட்டம் விசிலடித்தது. என் எதிரே வந்து நின்று, எப்போதும்போல ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார். நான் குச்சியைத் தூக்கினேன்.

சுரம் சுத்தமாக வந்தது. அதுதான் பயமாக இருந்தது. நடுங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் ஊதியதைப்போல அது பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று என் கை சொன்னது. அவர் கழுத்து புடைக்கத் தொடங்கியதும் குச்சியை இறக்கிவிட்டேன்.

இறங்கியது குச்சிதான். தப்பு அதிர்ந்தது. ட்ரம்பெட் நிற்கவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு ஊதினார். அவர் கண்ணில் கோபம் இருந்தது. நான் எதற்காக இறக்கினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் என்ன செய்வதென்று புரியாமல் இன்னும் பலமாக அடித்தார்கள். அத்தனை தப்புச் சத்தத்துக்கும் மேலே அந்த ஒரே சுரம் ஏறி நின்றது. தப்போடு சேர்ந்த இழுவையை அதுவரை யாரும் கேட்டதில்லை. கிரவுண்டே பைத்தியம் பிடித்ததுபோல ஆடியது. எல்லாருடைய கையிலும் போன் உயர்ந்தது. நான் குறைக்கப் போனது கூடிவிட்டது.

முடிந்ததும் அவர் லொறியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"யார் சொல்லி எறக்குன? இனிமே அவ பேச்சக் கேக்காத."

மாமா என் முதுகில் தட்டினார். "வெளங்காத பயன்னு நெனச்சேன் மாப்ள. பொகவந்தலாவ காலி."

மறுநாளே அந்த வீடியோ எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது. அடுத்த நிகழ்ச்சி உடப்புசல்லாவைப் பக்கம். அங்கேயும் அப்படியேதான் வேண்டும், தப்புக்கு மேலே இழுக்க வேண்டும் என்று கேட்டிருப்பதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்துக் குச்சிக்காரரை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது என் ஆயுளில் கிடையாது. ஆனாலும் போனேன்.

அவரும் தப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒங்க தோட்டத்துல மட்டும் அவ்வளவு நேரம் ஊதலாம், எங்க தோட்டத்துக்கு வந்ததும் சீக்காளியா?"

"அப்படி இல்லைங்க. அவரு சம்சாரமே சொன்னாங்க."

"நேத்துத்தான் அண்ணன் போன் எடுத்தாரு. நல்லாத்தான் பேசுனாரு. பிளேன்டீ குடிச்சிட்டு ஓரமா நின்னு கேளுங்க."

இசைக்குழுவின் வேனுக்குப் போனேன். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். நான் கதவுக்கு வெளியே நின்றேன். சுரம் தொடங்கியது. பிறகு தப்பு விழுந்தது. சுரம் நிற்கவில்லை. கூட்டத்தின் கத்தலில் மலையே இரைந்தது. அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கினார். ஆடுகிற முதுகுகள் வழி விடவில்லை. நான் முன்னால் போய், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தித் தள்ளிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. அண்ணன் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தார். மூச்சு வந்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் போயிருந்தது.

"இங்கயும் வந்துட்டியா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுண்ணே."

அது பொய்யில்லை. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். லொறியில் வயர் சுற்றிக்கொண்டிருந்த கீபோர்ட்காரர், வருகிற மாதம் தலவாக்கலை உறுதி என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்கயும் வருவீங்களா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

வருவேன் என்று தலையாட்டினேன்.