ரிட்டர்ன் சார்

மனுவைக் கையில் வாங்கியதும் அவர் முதல் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. எச்சில் தொட்ட விரலால் பக்கங்களைத் தள்ளி, அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவை நம்பி வழக்குப் போடுகிறார்கள் என்று தேடுவார். அது வழிகாட்டும் கொள்கைகள் அத்தியாயத்தில் இருந்துவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். கை தானாக முத்திரைக் கட்டைக்குப் போகும். 'திருப்பப்படுகிறது.' உயர் நீதிமன்றத்தில் மனுக்களைச் சரிபார்க்கும் மேசையில் இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. சக ஊழியர்களுக்கு அவர் 'ரிட்டர்ன் சார்'.

காரணம் கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "இதெல்லாம் அரசாங்கம் இப்படி இப்படி நடந்துக்கணும்னு எழுதி வச்சது. மந்திரிகிட்ட போய்க் கேக்கலாம், ஓட்டுப் போடறப்ப கேக்கலாம். கோர்ட்ல கேக்க முடியாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "படிக்க ரொம்ப நல்லா இருக்கும்" என்பார். கிண்டல் இல்லை. மனிதருக்கு அந்த அத்தியாயம் மனப்பாடம். நியாயமான கூலி, எல்லாக் குழந்தைக்கும் படிப்பு, பிரசவ காலத்தில் உதவி என்று வரிசை தப்பாமல் சொல்வார்.

வீட்டில் அவருக்கும் அப்படியொரு அத்தியாயம் உண்டு. காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி மாட்டியிருக்கிறார்: தினமும் நடை, சர்க்கரை பாதி, ஒழுகும் குழாயைச் சரிசெய்தல். "எழுதி மாட்டிட்டா ஒழுகறது நின்னுடுமா?" என்று மனைவி கேட்டதற்கு, "எழுதலைன்னா ஒழுகறதே பழகிடும்" என்றாராம். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மதியச் சாப்பாடு வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அதற்காகவே மனைவி பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தனுப்புகிறார். இன்னொரு வைராக்கியமும் உண்டு. மனுதாரருக்கு யோசனை சொல்லக் கூடாது என்ற அலுவலக விதியை ஒருநாளும் மீறியதில்லை.

போன வாரம் பேருந்து நிலையத்தில் பெருக்கும் பெண் ஒருத்தி வந்தாள். ஏழு மாதம். வக்கீல் வைக்க வழியில்லாமல் தானே எழுதிய மனு. ஒப்பந்த வேலை என்பதால் பிரசவ விடுப்பு கிடையாது, வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம். மூன்றாம் தடவையாக அதே பிரிவை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முன்பு விழுந்த இரண்டு முத்திரையும் இவர் போட்டவைதான்.

"வலி வர்ற வரைக்கும் பெருக்கச் சொல்றாங்க சார். உதவி செய்யணும்னு இதுல போட்டிருக்கே. கேக்கவே கூடாதுன்னா எதுக்கு சார் எழுதி வச்சாங்க?"

கட்டையை மையில் ஒற்றிவிட்டிருந்தார். குழாய்க்குச் சொன்ன பதில் வாய்வரை வந்தது. அந்த வயிற்றுக்கு முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மேசையில் அட்டை கிழிந்த அரசியல் சட்டப் புத்தகம் ஒன்று எப்போதும் கிடக்கும். உயிர் வாழும் உரிமை அதில் வேறு அத்தியாயம். அதை நம்பி வருகிற மனுவை இந்த மேசை திருப்ப முடியாது. வழிகாட்டும் வரிகளையும் அதோடு சேர்த்துப் படிக்கிற நீதிபதிகள் உள்ளே இருக்கிறார்கள். இது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

கட்டையைக் கவிழ்த்து வைத்தார். புத்தகத்தை உயிர் வாழும் உரிமை இருக்கும் பக்கத்தில் விரித்து, அவள் பக்கமாகத் திருப்பி, வரிக்குக் கீழே பேனாவை வைத்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்மா" என்று எழுந்து போனார். பாட்டில் மேசைமேலேயே இருந்தது, கழுத்துவரை நிறைந்து.