வெள்ளி பெயிண்ட் அடித்த சக்கரம்

எழுத உட்கார எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் எதிரில் நின்று பேசவே வராது. வாய் விட்டுச் சொல்லலாம் என்று பல முறை ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டேன். அதனால்தான் காகிதத்தில் சொல்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓரிக்கையில் எனக்குச் சின்னதாக ஒரு ஷெட் இருக்கிறது. வேன், டெம்போக்களுக்கு பிரேக் வேலை, சக்கர வேலை பார்ப்பேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கினேன். கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். அது உடம்புச் சூட்டுக்கு, இது இயந்திரச் சூட்டுக்கு. விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று விழும். தொடாமலே, அது விழுந்த இடத்தின் சூடு எண்ணாகத் தெரியும்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுவிலும் அடித்துப் பார்ப்பேன். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அதிகம் காட்டினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகப் போகிறது. முன்பெல்லாம் புறங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் பார்ப்பேன். கன் வந்த பிறகு அதை விட்டுவிட்டேன். எனக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. வண்டிக்காரர்கள் வாதம் செய்தால் நான் பதில் பேச வேண்டியதில்லை. திரையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் வேலை நாள் அது. பதினொரு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வண்டி. ஓட்டுகிறவரே சொந்தக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன்.

"பின்னால ஏதோ புடிச்சிக்கினு வர்ற மாதிரி இருக்குது தம்பி. லேசா தீஞ்ச வாசனையும் வருது. பன்னெண்டரைக்கு ட்ரிப் எடுக்கணும். சட்டுனு பாத்து சொல்லு" என்றார்.

இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் வெள்ளி நிறத்தில் மின்னின. வலது பக்கம் பழைய துருவோடு அப்படியே இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பூஜைக்கு நானே அடிச்சேன். டப்பா ரெண்டு வீலுக்குத்தான் வந்துச்சு. பொண்ணுங்க ஏர்ற பக்கம் பளிச்னு இருக்கட்டும்னு வுட்டேன்" என்றார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது.

செவிலிமேடு பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தோம். கன்னை எடுத்தேன். பின் வலது ஐம்பத்தெட்டு. பின் இடதில் அடிக்கப் போனபோது சிவப்புப் புள்ளி நேராகப் பொட்டின் மேல் விழுந்தது. சாமிக்கு வைத்த பொட்டின் மேல் இதை அடிப்பதா என்று தோன்றியது. ஒரு விரல் தள்ளி, வெள்ளி பெயிண்ட்டின் மேல் அடித்தேன். அறுபத்தொன்று.

திரையைத் திருப்பிக் காட்டினேன். "ஒண்ணுமில்லணா. புது பெயிண்ட் சூட்டுக்கு வாசனை வுடும்" என்றேன். அவர் சந்தோஷமாகக் கிளம்பினார்.

ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. வேறு ஒரு வண்டியின் நட்டைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். எதிர்க்கடை அம்மா எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். எடுத்தேன், விரல் சுட்டது, கீழே வைத்துவிட்டேன். கையில் வேலை இல்லாமல் கன்னை டம்ளரின் மேல் அடித்தேன். நாற்பத்தொன்று என்றது. தொட முடியாத டம்ளருக்கு நாற்பத்தொன்று. உள்ளே டீயின் மேல் அடித்தேன். எழுபத்தாறு.

பளபளப்பான இரும்பும் வெள்ளி பெயிண்ட்டும் தங்கள் சூட்டை இந்தக் கருவிக்குச் சரியாகக் காட்டாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கிய பெட்டியில் ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் மடித்து வைத்துவிட்டேன். என் சக்கரங்களெல்லாம் துருவும் சேறுமாகவே வரும். அதனால் இத்தனை வருடம் தப்பாகவில்லை.

வேன் அண்ணாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார். மணி பன்னிரண்டு நாற்பது. டீயை அப்படியே விட்டுவிட்டு மொபெட்டை எடுத்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு அய்யம்பேட்டை வழியாகத்தான் போவார். கோயில் பக்கம் டூரிஸ்ட் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. புடவைக் கடைக்கு ஆள் பிடிக்கிற ஒருவர் என் மொபெட்டின் முன்னால் வந்து "பட்டு பாக்கலாமா சார்" என்றார். அவர் மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போதும் புரியவில்லை.

அய்யம்பேட்டை நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்தது. கடைசி இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எல்லாமாகப் பதினாறு பெண்கள்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கன்னை நீட்டினேன். ஜன்னல் வழியாக ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, வண்டிக்கு ஜுரமா?"

"மாத்திரை எழுதிக் குடுப்பாரு, இருடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

வெள்ளி பெயிண்ட்டின் மேல் எழுபத்தொன்று. கன்னை இரண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுபோய், மின்னாத சந்தனப் பொட்டின் மேல் அடித்தேன். நூற்றுப் பதினெட்டு. மறுபடி அடித்தேன். அதேதான். வலது பக்கம் போய்ப் பார்த்தேன். அறுபத்தைந்து. திரும்பி வந்து புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன். வைக்க முடியவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். திரையைக் காட்டினேன். பெயிண்ட்டின் மேலும் பொட்டின் மேலும் மாற்றி மாற்றி அடித்துக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே சக்கரத்துல ரெண்டு நம்பர் காட்டுது. உன் மிஷின் கெட்டுப்போச்சுபா. மெதுவா ஓட்டினு போய்டறேன் வுடு."

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான். கான்ட்ராக்ட் வேலை. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை லேட்டாம். மூன்றாவது தடவை என்றால் கம்பெனி கேட்டில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களாம். அவளேதான் சொன்னாள்.

"காலையில நீங்கதான் ஓகே சொன்னீங்களாமே. இப்ப இல்லன்றீங்க. எத நம்பி நான் எறங்கறது?"

எல்லா ஜன்னல்களிலும் முகங்கள் இருந்தன. நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"எனக்கு இந்த நம்பர்லாம் புரியாதுண்ணா. வாயால சொல்லுங்க" என்றாள்.

"காலையில நான் சொன்னது தப்புமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பெயிண்ட் மேல அடிச்சி ஏமாந்துட்டேன். இந்த சக்கரத்துல பிரேக் புடிச்சிருக்குது. இதுல யாரும் போகக் கூடாது."

அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, "எறங்குங்கடி. பஸ்ஸ பாப்போம்" என்றாள். முதலில் நடந்ததும் அவள்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாலாஜாபாத் பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை நான் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் அவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் போன பிறகு ஜாக்கி வைத்துக் கழற்றினேன். பிரேக் கட்டையை அழுத்துகிற பிஸ்டன் துருவேறி வெளியே நீட்டியபடியே சிக்கியிருந்தது. கட்டையின் லைனர் கறுத்துப் பொரிந்திருந்தது. கிரீஸ் உருகி வழிந்திருந்தது. டிரைவர் லைனரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோட வண்டி வாலாஜாபாத் தாண்டியிருக்குமா?"

"தெரியலணா."

"ஒரகடம்?"

"போயிருந்தாலும் போயிருக்கும். தெரியாது."

அவர் அதைக் கீழே வைத்தார். "பதினோரு மணிக்கே சொல்லியிருந்தா மாத்து வண்டி புடிச்சிருப்பேன் தம்பி" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. பதினைந்து பேர் ஏறினார்கள். பிள்ளையார்பாளையம் நிறுத்தத்தில் யாரும் இல்லை. அந்த இடத்துக்குத் திங்கட்கிழமை வேறு ஆளை அனுப்புவதாக, கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் சொன்னதாக டிரைவர் போனில் சொன்னார்.