ஆளில்லாத மூலை

நான் படித்த பெண்கள் பள்ளியில், விளையாட்டில் பெயர் வாங்கியவர்களுக்கென்று இப்போது ஒரு சுவரை ஒதுக்கியிருக்கிறார்கள். தலைமையாசிரியை அறைக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் இடையே உள்ள நீளமான வராந்தாச் சுவர். எங்கள் காலத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களை அதை ஒட்டித்தான் நிற்க வைப்பார்கள். என் முதுகு தேய்த்த தடம்கூட அதில் எங்காவது இருக்கும். அதே சுவரில் என் படத்தை மாட்டப் போகிறோம், திறப்பு விழாவுக்கு வந்து மேடையேற வேண்டும் என்று இப்போதைய தலைமையாசிரியையான சிஸ்டர் போனில் அழைத்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

படத்தைப் பார்த்துவிடலாம் என்று மறுநாளே போனேன். பெரிதாக்கி, சட்டம் போட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பள்ளிகளுக்கான மண்டலக் கபடிப் போட்டியின் இறுதி ஆட்டம். பள்ளி இறுதி வகுப்பு நான். ஒரு கால் முன்னால், ஒரு கை நீட்டியபடி, வாய் 'கபடி'யின் பாதியில் திறந்திருக்க, இரட்டைச் சடை இரண்டும் காற்றில் பறக்கின்றன. அவ்வளவு ஆவேசம் என் முகத்தில் அதற்குப் பிறகு பிரசவத்தின்போதுதான் வந்திருக்கும். கீழே பித்தளைத் தகட்டில் 'இறுதிப் போட்டியில் வெற்றி வாகை சூடிய தருணம்' என்று பொறித்திருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. கண்ணு மட்டும் எங்கயோ பாக்குது பாருங்க. அப்படி எதப் பாத்தீங்க?" என்றார் சிஸ்டர்.

உண்மைதான். கால் இடது பக்கம் போகிறது. கண்ணோ வலது ஓரத்தில், சட்டத்துக்கு வெளியே இருக்கிற எதையோ பார்க்கிறது. எதைப் பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. எதிரணியில் ஒருத்திகூடப் படத்தில் இல்லையே என்று சிஸ்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். எதிரணியே இல்லை.

அந்த ஆட்டம் நடக்கவேயில்லை. கோயமுத்தூரில் இரண்டு நாள் போட்டி அது. முதல் நாள் லீக் ஆட்டங்களின் முடிவில் நாங்களும், அந்தியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் இறுதிக்கு வந்தோம். மறுநாள் காலை அவர்கள் வரவில்லை. நடுவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நடுவர் என்னைக் கூப்பிட்டு, "ஒருத்தி மட்டும் பாடிப் போயிட்டு வாம்மா, விசில் ஊதிரலாம்" என்றார். வாக்கோவர் கொடுக்க அப்போது எங்கள் பக்கத்தில் அப்படியொரு வழக்கம். யாருமில்லாத எதிர்ப்பாதிக்குள் ஒருத்தி பாடிக்கொண்டே போய்த் திரும்பிவிட்டால் அந்த அணி ஜெயித்ததாகக் கணக்கு.

நானும் போனேன். ஏழு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஈ காக்கை இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 'கபடி கபடி' என்று பாடி, காலியான மண்ணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். நீண்ட விசில். கோப்பையைத் தூக்கிக்கொண்டு பரோட்டா சாப்பிடப் போய்விட்டோம். நான் கீறல் படாமல் திரும்பிய ரெய்டு வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்த இலுப்பைப்பூவைச் சர்க்கரை என்று சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா, ஜாதகத்தை எடுப்பதற்கு முன்பே, "பொண்ணு கபடி சேம்பியனுங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் மிரண்டார்கள் என்று கேள்வி. நான் வேறு எதிலும் ஜெயித்தவளில்லை. படிப்பில் சுமார், சமையலில் அதற்கும் கீழே. இந்த ஒரு பெருமைதான் கைவசம் இருந்தது. அதிலும் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கும். முதல் நாள் லீக்கில் நாங்கள் தோற்றது இதே அந்தியூர் அணியிடம்தான். வாக்கோவர் கிடைத்ததும், "பயந்துட்டாளுக" என்று எங்கள் டீச்சர் சொன்னார். முந்தின நாள் எங்களை மண்ணைக் கவ்வ வைத்தவர்கள் மறுநாள் எதற்குப் பயப்பட வேண்டும்?

அவர்கள் ஏன் வரவில்லை? வந்திருந்தால் ஜெயித்திருப்போமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் 'வெற்றி வாகை' என்ற தகட்டுக்குக் கீழே போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கள் கேப்டன் இப்போது பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்கிறாள். போன் போட்டேன்.

"அம்மணி, கப்பு கெடச்சுதா இல்லியா?" என்றாள்.

"கெடச்சுது."

"அப்பறம் என்ன? வராதவங்க தோத்தவங்க. பேசாம நல்ல சீலையா ஒண்ணு எடுத்து வெய்யி."

"தெரியாம நான் மேடை ஏற மாட்டேன்."

"அப்பவும் நீ இப்படித்தான். அவுட்டுன்னு சொன்னா, ஏன் அவுட்டுன்னு அம்பயரையே கேப்பே" என்று சலித்துக்கொண்டாள். ஆனாலும் அந்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலையில் அவளுடைய கார் என் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே ஏறினால் தேங்காயெண்ணெய் ஆலைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை.

அந்தியூரை நோக்கி அவிநாசி ரோட்டில் போகும்போது வழியெல்லாம் அதே பேச்சுத்தான். "குதுரச் சந்த பாக்கப் போயிருப்பாளுக" என்றாள் கேப்டன். அந்தியூர்க் குதிரைச் சந்தை ஆடி மாதத்தில், போட்டி நடந்தது பள்ளி ஆண்டின் கடைசியில் என்றேன். அப்படியானால் எவளாவது பெரியவளாகியிருப்பாள் என்றாள். ஒருத்தி பெரியவளானால் ஏழு பேருமா ஓலைக் குச்சுக்குள் உட்காருவார்கள் என்று கேட்டேன். கருமத்தம்பட்டியில் டீ குடிக்க இறங்கியபோதும் எங்களுக்கு ஒரு வழியும் புலப்படவில்லை.

அந்தப் பள்ளியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. விளையாட்டு ஆசிரியை எங்களை வரவேற்று உட்காரச் சொன்னார். உட்காரும் முன்பே கேப்டன் என் கையைக் கிள்ளினாள். எதிர்ச் சுவரில் அவர்களுக்கும் ஒரு பலகை இருந்தது. மஞ்சள் பெயிண்டில் அதே வருஷம், அதே கபடி அணி. 'தோல்வியே காணாத அணி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பொய் சொல்ல முடியாது. அந்த வருஷம் அவர்கள் ஆடிய ஆட்டம் எதிலும் தோற்கவில்லைதான்.

கேப்டன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆடாம செயிச்சவங்க நாம. தோக்காம தோத்தவங்க அவங்க. ரெண்டு ஊட்டுச் செவுத்துலயும் பெருமைக்குக் கொறச்சலே இல்ல!"

அந்த அணியில் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டோம். "கார்னர் ஆடுனவங்க இருக்கறாங்களே. பவானி ரோட்டுல ஹாலோபிளாக் பட்டறை அவங்களுதுதானுங்க" என்றார் ஆசிரியை.

கார்னர் என்ற சொல்லைக் கேட்டதுமே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். களத்தின் மூலையில் நின்று, பாடி வருகிறவளின் காலைப் பிடிப்பதுதான் கார்னர் ஆடுகிறவளின் வேலை. லீக்கில் அவள் என்னைப் பிடித்த பிடி என் கணுக்காலுக்கு நன்றாக நினைவிருந்தது. பிடித்தால் விடமாட்டாள். அந்த ஆட்டத்தில் நான் எத்தனை முறை போனேனோ அத்தனை முறையும் அவள் கையில்தான் விழுந்தேன்.

பட்டறையில் சிமென்ட் கற்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் நின்று, போனில் ஒரு லாரிக்காரரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என் காலைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"கோயமுத்தூருங்களா? ரெட்டச் சடை?"

தலையை ஆட்டினேன். "அட, வாங்க வாங்க! உக்காருங்க. ஏனுங், ஒறம்பர வந்திருக்கறாங்க, டீ சொல்லுங்க!" என்று உள்ளே இருந்த கணவருக்குக் குரல் கொடுத்தாள்.

டீ வருவதற்குள் கேட்டுவிட்டேன். பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது. "அன்னிக்கு ஏனுங்க வரல?"

"யாரு வரலீன்னது? வந்தமுங்க."

அவள் சொன்னது இதுதான். அந்த அணி மொத்தமும் ஒரே ஊர்ப் பெண்கள். அந்த வாரம் அவர்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். "சாட்டிப்போட்டா ராத்திரி ஊரெல்ல தாண்டித் தங்கப்படாதுங்களே. பொழுதோட வேன் புடிச்சு ஊட்டுக்கு வந்துபோட்டு, வெள்ளெனக் கெளம்பி வந்தமுங்க. கருமத்தம்பட்டிகிட்ட டயரு போச்சு. ஸ்டெப்னியப் பாத்தா அதுலயும் காத்தில்ல."

கேப்டன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்கூர்லயும் அதே கட்டுத்தானுங்க. இது நமக்குத் தோணவே இல்ல பாரு அம்மணி!" குதிரைச் சந்தை வரைக்கும் யோசித்தவளுக்கு, சொந்த ஊர் நோம்பி தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. ஜெயித்தவர்கள் அதற்குமேல் யோசிப்பதில்லை போலும்.

"நாங்க கேட்டுல எறங்கறப்ப நீங்க பாடிட்டு இருந்தீங்க" என்றாள் அவள். "நான் ஓடியாந்தனுங்க. கயத்துகிட்ட வர்றதுக்குள்ள விசிலு ஊதிப்போட்டாங்க. எங்க சாரு போயிச் சண்ட போட்டாரு. ஊதுனது ஊதுனதுதான்னுட்டாங்க. நீங்கெல்லாம் கப்பத் தூக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள போயிட்டீங்க."

எனக்கு முகம் காந்தியது. வருத்தமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணுங்க. ஓடியாறப்ப நான் உங்க காலத்தான் பாத்துட்டு வந்தேன். களத்துல ஒரு ஆளு இல்ல. இந்தப் பக்கமெல்லாம் சுத்துனீங்க, நடுவால போனீங்க. நான் நிக்கற மூலைக்கு மட்டும் வரவே இல்லீங்க. அங்க வர்றப்ப சட்டுனு வெட்டித் திரும்பிட்டீங்க. நானே இல்ல, நான் நிக்கற எடத்துக்கு என்னங்க பயம்?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் சிஸ்டரின் கேள்வி ஞாபகம் வந்தது. போனை எடுத்து, பள்ளியில் பிடித்து வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கால் இடது பக்கம் ஓடுகிறது. கண் வலது மூலையில் இருக்கிறது. கபடி ஆடிய யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கார்னர் கை நீட்டுகிறாளா என்று பார்க்கிற பார்வை அது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி" என்றாள் கேப்டன்.

"ஏனுங், இங்க வாங்க!" என்று கணவரைக் கூப்பிட்டாள் அவள். அவர் டீ டம்ளர்களோடு வந்து எட்டிப் பார்த்தார். "நான் சொன்னனல்ல? இந்தப் புள்ளதான். பாருங்க அது கண்ண!" அவர் பார்த்துவிட்டு, "அது பாக்கற பக்கத்துல ஒண்ணையும் காணமே" என்றார். அவள் முகம் சுருங்கிவிட்டது. படம் அந்த இடத்தில் வெட்டப்பட்டிருந்தது.

"எங்களுக்குக் கப்பும் இல்ல, ஒரு சர்ட்டிபிகேட்டும் இல்லீங்க" என்றாள் என்னிடம், குரலைத் தணித்துக்கொண்டு. "ஆளில்லாத எடத்துலயும் எனக்குப் பயந்து ஒருத்தி ஒதுங்கிப் போனாள்னு சொன்னா, இவரு உட்பட ஒருத்தரும் நம்பறதில்ல. கத உடறேங்கறாங்க. அந்தப் படம் முழுசா இருக்குதுங்களா?"

நீங்கள் நேரத்துக்கு வந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று கிளம்பும்போது கேட்டேன். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க என்ற மூலைக்கு வந்திருந்தா புடிச்சிருப்பேன். வந்திருக்க மாட்டீங்க" என்றாள். இதை வெற்றியில் சேர்ப்பதா தோல்வியில் சேர்ப்பதா என்று திரும்பும் வழியெல்லாம் நானும் கேப்டனும் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

மறுநாள் சிஸ்டரைப் பார்த்து, வெட்டாத மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய பீரோவில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். எதிர்ப்பாதி முழுவதும் தண்ணீர் தெளித்துச் சமன் செய்த வெறும் மண். இடது பக்கத்தில் என் காலடிகள் சுற்றிச் சுற்றிக் கிடக்கின்றன. வலது மூலையில் ஒன்றுகூட இல்லை. கேட் பக்கம் அவர்கள் ஓடி வருவது தெரிகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். ஒரு ஐஸ் வண்டிதான் தெரிந்தது.

"பாதிப் படம் வெறும் மண்ணா இருக்குதுங்களே" என்றார் சிஸ்டர்.

"அந்த மண்ணோட சேத்து மாட்டுனா நான் வாரேனுங்க சிஸ்டர். அந்தத் தகட்டையும் மாத்திருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விசாரித்தார், சிரித்தார், கடைசியில் சம்மதித்தார். 'எதிரணி வந்து சேரும் முன் முடிந்த இறுதிப் போட்டி' என்று புதுத் தகடு வந்தது.

விழாவுக்கு அவளும் கணவரோடு வந்திருந்தாள். பச்சைப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. மேடையில் எங்கள் அணியை அழைத்து மாலை போட்டார்கள். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மேடையில் கவனமில்லை. இறங்கி வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே பழைய மாணவிகள் கூட்டம் கூட்டமாக நின்று சுவரில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் என் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

அவளையும் பழைய மாணவி என்று நினைத்துக்கொண்டு சிஸ்டர் அருகே போனார். "நீங்க எந்தப் படத்துல இருக்கறீங்கம்மா?"

"இதுலதானுங்க" என்றாள் அவள். கணவரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, வெறும் மண்ணாக இருந்த அந்த வலது மூலையில் விரலை வைத்தாள். "இங்க நிக்கறேன் பாருங்க."

பின்னால் நின்றிருந்த எனக்குக் கணுக்கால் கூசியது.