எனக்குப் பின்னால் வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன் தை மாதம், சங்கரன்கோவிலிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனபோது நடந்தது இது. முந்தைய வருடம் என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தால் நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நல்லபடியாகவே வந்தது. இனி நடக்க வேண்டியது நான்தான்.

எங்கள் தெருவிலிருந்து இருபது பேர் பச்சை வேட்டி கட்டிக் கிளம்பினோம். நான்கு நாள் நடை, வெறுங்காலோடு. மூட்டை முடிச்செல்லாம் குட்டியானை வண்டியில் முன்னால் போய்விடும். மற்றவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். கடைக்குப் போவதும் வருவதும் வெறுங்காலோடுதான். எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் தினமும் ஷூ போட்டு மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றுகிறவன். ஆபீஸில் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

முதல் நாள் நான்தான் எல்லோருக்கும் முன்னால். கடைசியில் ஒருவர் ஆடி அசைந்து வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். தேவர்குளத்தில் டீ குடிக்க நின்றபோது, "ஏ தம்பி, நீ வார வேகத்துக்கு அடுத்த தைப்பூசத்துக்குத்தான் போய்ச் சேருவ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு டீயை ஊதிக் குடித்தார்.

இரண்டாம் நாள் மதியமே என் கால் வேலையைக் காட்டிவிட்டது. ஷூவுக்குள் சொகுசாக இருந்த பாதம் அல்லவா, தார் ரோட்டுச் சூட்டில் இரண்டு காலிலும் கொப்புளம். ரோட்டோர வெள்ளைக் கோட்டில் சூடு கொஞ்சம் குறைவு என்பதால் அதன் மேலேயே நடந்தேன். மூன்றாம் நாள், திருநெல்வேலி தாண்டியதும் கொப்புளங்கள் உடைந்தன. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். செய்துங்கநல்லூர் வந்தபோது முன்னால் ஒருவரையும் காணோம்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. திருச்செந்தூர் பஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. ஒன்றில் ஏறி, அன்று ராத்திரி நாங்கள் தங்க வேண்டிய ஸ்ரீவைகுண்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி நொண்டிக்கொண்டே போனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரே தடை அந்தத் தறிக்காரத் தம்பி. அவர் மட்டும் இன்னும் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அவர் தாண்டிப் போகட்டும் என்று ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அவரும் பத்தடி தள்ளி உட்கார்ந்தார். எழுந்தேன், எழுந்தார். வேட்டியைச் சரிசெய்வதுபோல் நின்றேன். அவர் மைல்கல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல் நின்றார். தேவர்குளத்துக் கிண்டலுக்குப் பழிவாங்குகிறார் என்றே நினைத்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கென்ன காவலாவா வாரே? முன்னால போயேன்பா!" என்று கத்தினேன்.

"நீங்க போங்க அண்ணாச்சி. நான் பின்னாலயே வாரேன்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

அவர் ரோட்டைக் கைகாட்டினார். "நாலு வருசத்துக்கு முன்ன மகனுக்காக நேர்ந்துக்கிட்டு நடந்தேன். இதே ரோட்டுல கால் வெடிச்சு கடைசி ஆளாயிட்டேன். பின்னால ஒருத்தரும் இல்ல. பஸ்ஸுல ஏறிட்டேன் அண்ணாச்சி. வீட்டுல கூட தெரியாது. பய நல்லாத்தான் இருக்கான். எனக்குத்தான் அன்னைக்கு சன்னதியில தலை நிமிரல. அதுலருந்து நம்ம கூட்டத்துல எனக்குப் பின்னால யாரையும் விடுறதில்ல."

என் மனதில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. இரண்டு பேருமே அதைப் பார்க்காததுபோல் நின்றோம்.

தோளில் கிடந்த துண்டைக் கிழித்து என் பாதங்களைச் சுற்றிக் கட்டினார். தறியில் அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய கை. அந்த முடிச்சு திருச்செந்தூர்வரை அவிழவில்லை. மறுநாள் கடற்கரையில் மற்றவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அங்கேயும் அவர் ஒதுங்கி நின்று, "நீங்க போங்க அண்ணாச்சி" என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். சேர்ந்தே அலையில் இறங்கினோம்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, பேரை மட்டும் போட்டுராதீங்க" என்றார். பஸ் விஷயத்தை என் மனைவியும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். இப்போதெல்லாம் நானும் ஒரு மாதத்துக்கு முன்பே செருப்பைக் கழற்றிவிடுகிறேன். யாத்திரையில் கடைசி ஆள் யார் என்று எங்கள் இருவருக்கும் போட்டிதான். என் வேண்டுதலை நிறைவேற்றியவை என் கால்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அன்று பின்னால் கேட்டுக்கொண்டே இருந்த அந்தக் காலடிச் சத்தம்தான் என்னை நடக்க வைத்தது.