விட்டுப்போன ஒப்பாரி

மகள் முகப்பவுடர் டப்பாவைத் திறந்தால், இந்த ஐம்பது வயதிலும் எனக்குப் பதினொரு வயதுச் சாரதாவின் மேல் பொறாமை வருகிறது. வெட்கக்கேடுதான்.

மலாயா சுதந்திரமடைந்த ஆண்டு, மலாக்காவின் காஜா பேராங்கில் கோயில் நாடகம். முழு வசனமும் மனப்பாடமான எனக்குக் கிடைத்தது சாமரம் வீசும் வேலை. ராணி வேஷம் செட்டி வீட்டுச் சாரதாவுக்கு. மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்கள்; அவள் வீட்டில் பேச்சு மலாய்தான், தமிழே தெரியாது.

"அவளுக்கு ராணிக் களை இருக்குது லா, பாப்பா. வசனத்தை நீ ஏபிசி எழுத்துல எழுதிக் கொடு," என்றார் நாடக வாத்தியார்.

கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் நாடகத்தன்றுதான் கொடுத்தேன், ஒப்பாரியை விட்டுவிட்டு.

மேடையில் ராஜா செத்தார். பேச ஒன்றுமில்லாமல் சாரதா அவர் முகத்தையே பார்த்து நின்றாள். பயத்தில் வந்த கண்ணீர் பவுடரில் கோடு போட்டது. கூட்டமே அழுதது.

வீடு திரும்பும்போது அம்மா மூக்கைச் சிந்தியபடி சொன்னார்: "நல்லவேளை, அந்த வேஷம் உனக்குக் கெடைக்கல. நீயா இருந்தா பேசிக்கிட்டே இருந்திருப்பே."